ஜீரோ பார்த்த பிறகு

பெட்ரோல் பங்கில் குழாயை டேங்கில் செருகிவிட்டு ஊழியர் சொல்வார்: “ஜீரோ பார்த்துக்குங்க சார்.” நாமும் பார்ப்போம். எண்கள் ஓடி நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டோம். காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு சொட்டு குறைந்தாலும் மனசு கேட்காது. அது நியாயமான கவனம்தான். ஆனால் பெட்ரோல் இன்ஜினுக்குள் முழுதாக எரிய வேண்டுமானால், அதன் எடையைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் அளவுக்குக் காற்று. அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, போகிற வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல எந்தப் பங்கிலும் ஆள் இல்லை. காற்றுக்கு விலையும் கிடையாது, மீட்டரும் கிடையாது.

காரைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில் பெரும்பகுதி காசு கொடுத்து ஊற்றுவதைப் பற்றியதுதான். எந்தக் கம்பெனி பெட்ரோல் நல்லது, எந்தப் பங்கில் அளவு சரியாக இருக்கும், சாதா போடலாமா பிரீமியம் போடலாமா என்று மணிக்கணக்கில் பேசுவோம். இன்ஜின் நீண்ட நாள் உழைப்பதும் பாதியில் படுப்பதும் பெரும்பாலும் மீட்டரே இல்லாத விஷயங்களில்தான் இருக்கிறது.

பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். அதன் கிளிப்புகளை விடுவித்தால் உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். அதுதான் ஏர் ஃபில்டர். புதிதில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். செங்கல் சூளைப் பக்கமோ, ஜல்லி லாரிகள் ஓடும் சாலையிலோ சில மாதங்கள் ஓடிய வண்டியில் அதை வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே செம்மண்ணும் சாம்பல் நிறத் தூளும் இறுகிக் கிடக்கும். காய்ந்த வேப்பம்பூ இருக்கும், பூச்சி இறகுகள் இருக்கும். வெளிச்சம் மறுபக்கம் வராது. தரையில் நாலு தட்டுத் தட்டினால் கொட்டுகிற மண்ணைப் பார்த்து, இவ்வளவையும் தாங்கிக்கொண்டா இந்த வண்டி ஓடியது என்று தோன்றும்.

தாங்கிக்கொண்டுதான் ஓடியது. என் கவலையே அந்தத் தாங்கிக்கொள்வதில்தான் தொடங்குகிறது.

அம்பாசடர், ஃபியட் காலத்துக் கார்பரேட்டர் வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். காற்று குறையும், பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. வண்டி கரும்புகை தள்ளும், மைலேஜ் விழும், ஓட்டுகிறவர் மெக்கானிக்கிடம் ஓடுவார். இன்றைய வண்டி அப்படிக் காட்டிக்கொடுக்காது. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் அளக்கிறது. வருகிற காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னது: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் குறிப்பிடும்படி குறைவதில்லை, பிக்கப்தான் குறைகிறது. அதாவது வண்டி தன் குறையைத் தானே சமாளித்துக்கொள்கிறது. பிக்கப் ஒரே நாளில் போவதில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் நம் கால் ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்கப் பழகிவிடுகிறது. ஒரு நாள் எதிரே பஸ் வரும் நேரத்தில் முன்னால் போகும் லாரியை முந்தப் போகிறோம். வண்டி இழுக்க மறுக்கிறது. அப்போதுதான் தெரிகிறது.

எரிபொருள் விஷயமும் இதேதான். “பவர் போடவா சார்?” என்று பங்கில் கேட்பார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் கூட. வண்டி மேல் பிரியம் உள்ளவர்கள் சரி என்பார்கள். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. அந்த எண் சக்தியை அளப்பதே இல்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு, ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும்வரை தானாகத் தீப்பிடிக்காமல் காத்திருக்கும் திறனை அது அளக்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று இரண்டு திரவங்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இவற்றுக்கு நடுவே ஒவ்வொரு பெட்ரோலுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். இந்தியாவில் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டுத் தரம் வந்தபோது சாதாப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 95-ம் கிடைக்கிறது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலையும் கொண்டுவந்தது.

பெட்ரோல் அப்படிக் காத்திருக்க முடியாமல் போவதைக் கொல்லிமலை ஏறும்போது காதாலேயே கேட்கலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி நிறைய ஆட்கள், டிக்கி நிறையச் சாமான், சித்திரை வெயில். வளைவு முடிந்து ஏற்றம் தொடங்கும்போது கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே மிதித்தால், பழைய வண்டிகளில் இன்ஜினுக்குள்ளிருந்து கிணுகிணுவென்று ஒரு மெல்லிய உலோகச் சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங், அதாவது தட்டல் என்பார்கள். பிளக் வைத்த தீ ஒழுங்காகப் பரவி வருவதற்குள், மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கலவை அழுத்தம் தாளாமல் தானே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி பிஸ்டன் தலையில் இறங்குகிறது. தொடர்ந்தால் பிஸ்டன் பொத்துப்போகும், ஹெட் கேஸ்கெட் போகும்.

அழுத்த விகிதம் அதிகமான இன்ஜினுக்கும் டர்போ வைத்த சில இன்ஜின்களுக்கும் உயர்ந்த ஆக்டேன் உண்மையிலேயே தேவை. 91 போதும் என்று வடிவமைத்த வண்டிக்கு 100-ஐ ஊற்றினால் அது வெடிக்காமல் காத்திருக்கும். சாதாப் பெட்ரோலும் அதே இடத்தில் அப்படித்தான் காத்திருந்திருக்கும். சில பிரீமியம் பெட்ரோல்களில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் எண்ணுக்காக மட்டும் கொடுக்கிற காசு வீண். அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்னும் வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல் சோதனை செய்து, தேவையே இல்லாத வண்டிகளுக்குப் பிரீமியம் ஊற்றியே அந்நாட்டினர் முந்தைய ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்கியிருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது.

தேவையைவிடக் குறைந்த ஆக்டேன் ஊற்றினால்? இன்றைய வண்டியில் பெரும்பாலும் சத்தமே வராது. இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட் போட்டு இறுக்கிய சிறு உணரி இருக்கிறது, நாக் சென்சார். நம் காதுக்கு எட்டும் முன்பே அது அதிர்வைக் கண்டுகொள்கிறது. கம்ப்யூட்டர் உடனே பொறி வைக்கும் நேரத்தைப் பின்தள்ளுகிறது. தட்டல் நின்றுவிடும். அதற்கு விலையாகச் சக்தியும் மைலேஜும் குறையும். மறுபடியும் அதே கதை. வண்டி சமாளிக்கிறது, நாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்த நாக்கிங் சத்தத்தை நிறுத்துவதற்காக மனிதன் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் ஒரு திரவத்தைச் சோதித்தார். டெட்ராஎத்தில் லெட், ஈயம் கலந்த சேர்மம். பெட்ரோலில் துளி கலந்தாலே தட்டல் அடங்கியது. பெட்ரோலில் ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் ஈயம் மிகக் கொஞ்சமே போதும், மலிவு, காப்புரிமை எடுக்கலாம். 1923-ல் ‘எத்தில்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். பின்னர் சில காலம் விற்பனை நின்றது. பிறகு மீண்டும் தொடங்கி உலகமெங்கும் பரவியது.

இன்ஜின்கள் அமைதியாக ஓடின. புகைக்குழாய் வழியே ஈயம் தெருவுக்கு வந்தது. மண்ணில் படிந்தது, குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க ஈயத்தின் மிகச் சிறிய அளவே போதும். இதுவரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. அந்தக் கேட்டுக்குக் கிணுகிணு சத்தம் இல்லை. பாடம் ஏறாத பிள்ளையைப் பார்த்துப் படிப்பு வரவில்லை என்று சொல்லிவிட்டு எத்தனை ஊர்கள் நகர்ந்துபோயிருக்கும்! பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த கிளேர் பேட்டர்சன், அந்த ஆய்வுக்காக ஈயத்தை நுணுக்கமாக அளக்கப் போய்த்தான் காற்றிலும் கடலிலும் பனிப்பாறையிலும் மனிதன் கொட்டிய ஈயம் நிறைந்திருப்பதைக் கண்டார். 1965-லிருந்து அதை ஓயாமல் சொன்னார். ஈயத் தொழிலின் பகையைச் சம்பாதித்தார். ஒருவர் உட்கார்ந்து அளந்து பார்த்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டர் பொருத்திய புதிய கார்களுக்கு அது கட்டாயம், ஏனென்றால் ஈயம் பட்டால் அந்தக் கருவி செத்துவிடும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021 ஜூலையில் கையிருப்புத் தீர்ந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள்! இன்ஜினின் சத்தம் நின்றதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும், சிக்கலே தீர்ந்தது என்று நம்பிய நூறு ஆண்டுகள்.

அன்று ஒதுக்கிய ஆல்கஹால் இன்று நம் பங்குக்கு எத்தனாலாக வந்திருக்கிறது. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே நாட்டில் வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், தட்டலைக் குறைக்கும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி அதில் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சீர்செய்த கார்களில் 20 சதவீதக் கலப்பை ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றும், 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20-க்குச் சீர்செய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்றும் மதிப்பிட்டது. எத்தனாலைச் சிலர் எமனாகப் பார்க்கிறார்கள், சிலர் வரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. உங்களிடம் இருப்பது பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய வண்டி என்றால் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கும். வெடிப்பும் கசிவும் இருக்கிறதா என்று சர்வீஸில் கேட்டுப் பாருங்கள். டேங்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். ஃப்யூயல் ஃபில்டரை மாற்றுங்கள்.

இனி ஆயில். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை தீ எரிகிறது. அந்த உதை அத்தனையையும் கிராங்க் ஷாஃப்ட் தாங்குகிறது. அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் தடிமனில் ஓர் ஆயில் படலம். தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் கிடைக்கிற தடிமன்கூட வராது. உலோகமும் உலோகமும் தொடாமல் வருடக்கணக்கில் ஓடுவது அந்தப் படலத்தின் தயவு. அது சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது, கரியைச் சுமக்கிறது, அமிலத்தை முறிக்கிறது. சுமந்து சுமந்து ஒரு நாள் சுமக்க முடியாமல் போகிறது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற வண்டிதானே, கிலோமீட்டரே ஓடவில்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஓடுகிற வண்டிக்குத்தான் கேடு கூடுதல். இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவதால், எரிதலில் உண்டான நீராவி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது.

ரேடியேட்டரில் நாம் செய்வது இன்னும் கொடுமை. கூலண்ட் குறைந்தால் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுகிறோம். நம் ஊர் போர்வெல் தண்ணீர் கெட்டிலில் என்ன செய்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதே உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படிகிறது, துரு பிடிக்கிறது. வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. ஊர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். மாற்றுவதில்லை, ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நல்ல மெக்கானிக்குகள் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஸ்கேனரைச் செருகும் முன், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார்கள். வாட்டர் பம்ப் பக்கம் கொஞ்சம், ஆல்டர்னேட்டர் பக்கம் கொஞ்சம், மேலே வால்வ் பக்கம் கொஞ்சம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அவர்களுக்குக் கேட்கும். கழற்றிய ஸ்பார்க் பிளக்கை உள்ளங்கையில் வைத்து நிறம் பார்ப்பார்கள். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரி. கரி பூசியிருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் சூடு அதிகம். எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாதபோதும் தேடிப் போய்ப் பார்க்கிற கண் அது.

அந்தக் கண் நமக்கு வண்டியிடம் மட்டுமா இல்லை? ஊரில் அம்மா இருக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறோம். தீபாவளிக்கு இருப்பதிலேயே விலை கூடிய சேலை எடுக்கிறோம். போனில் கேட்டால், “எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். ஆறு மாதமாகக் கணுக்கால் வீங்கியிருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். சேலை பொய்யில்லை, பிரியமும் பொய்யில்லை. ஆனால் கொடுத்தது நமக்குக் கொடுக்கத் தோன்றியதை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, காலைக் குனிந்து பார்க்க ஓர் ஆள். முனகுகிறவர்களை எப்படியும் யாராவது கவனித்துவிடுகிறார்கள். நன்றாகச் சமாளிக்கத் தெரிந்தவர்கள்தான் கவனிப்பாரில்லாமல் தேய்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான், பட்டறையிலும் அப்படித்தான். எவர் நன்றாகத் தாங்குகிறாரோ அவரைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். ஈயத்தின் நூறு ஆண்டுகளும் ஓர் அழுக்கு ஃபில்டரும் எனக்குச் சொல்வது இதைத்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில் நிற்கும்போதே பானெட்டைத் திறங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, பழந்துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வெண்பழுப்பாகக் குழம்பியிருந்தால் கூலண்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். கூலண்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ எந்தப் பெட்ரோல் என்று எழுதியிருக்கும், ஒரு முறை படியுங்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறதோ அதைப் போடுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஆயில் அளவு குறைந்ததைச் சொல்லும் விளக்கு அல்ல. ஆயில் அழுத்தமே போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. அது எரிந்தால் அடுத்த பட்டறை வரை ஓட்டலாம் என்று நினைக்காமல், ஓரங்கட்டி இன்ஜினை அங்கேயே நிறுத்துங்கள்.